ஒரு கிலோ மருந்துக்கு 100 கிலோ கழிவா? உங்கள் வலி மாத்திரைக்கும் சோழவரம் ஏரிக்கும் என்ன தொடர்பு?

ராத்திரி 11 மணிக்குப் பல் வலி. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஐபுப்ரூஃபென் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறோம். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வலி குறைகிறது. காலையில் மறந்தும் போகிறோம்.

அந்த 400 மில்லிகிராம் மருந்தைத் தயாரிக்க எவ்வளவு ரசாயனம் செலவானது, எவ்வளவு கழிவு வெளியே போனது, ரியாக்டர் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் எவ்வளவு ஆபத்தில் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரை அட்டையிலும் அதெல்லாம் அச்சாகி இருக்காது.

ஆனால் செங்குன்றம் தாண்டி, சோழவரம் வழியாகக் கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒருமுறை போய் வந்தால் இந்தக் கேள்வி தானாகவே வரும். ஒருபக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள். இன்னொரு பக்கம் சிப்காட் வளாகங்கள், ரசாயனக் கிடங்குகள், டேங்கர் லாரிகள். தண்ணீரும் ரசாயனமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இடத்தில், ஒரு மருந்தை 'எப்படி' தயாரிக்கிறோம் என்பது வெறும் கம்பெனி விஷயம் இல்லை. குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும் எல்லோருடைய விஷயமும்தான்.

மருந்து தயாரிப்பில் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்திருக்கும் புதிய வேதியியல் தொழில்நுட்பங்கள் என்ன? அவை கழிவையும் விபத்தையும் குறைக்குமா? நம்ம ஊர் ஆலைகளுக்கு அவை ஏன் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை? பார்ப்போம்.

மாத்திரை செய்வது வேறு, மருந்து செய்வது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மருந்துத் துறையில் இரண்டு வகை ஆலைகள் உண்டு.

ஒன்று, மாத்திரை, கேப்ஸ்யூல், சிரப் செய்யும் ஆலை. தொழிலில் இதை 'ஃபார்முலேஷன்' என்பார்கள். மருந்துப் பொடியை வாங்கி, மாவுப் பொருட்களோடு கலந்து, அழுத்தி, அட்டையில் அடைப்பது இங்கே நடக்கிறது.

இரண்டாவது, அந்த மருந்துப் பொடியையே வேதிவினைகள் மூலம் உருவாக்கும் ஆலை. இதை 'ஏ.பி.ஐ.' அல்லது 'பல்க் டிரக்' ஆலை என்பார்கள். வலியைக் குறைப்பதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் இந்தப் பொடிதான். ரியாக்டர், கரைப்பான், அமிலம், ஹைட்ரஜன், வெப்பம், அழுத்தம் எல்லாம் இங்கேதான். கழிவும் ஆபத்தும் பெரும்பாலும் இங்கேதான்.

மாத்திரை ஏற்றுமதியில் இந்தியா பெரிய ஆள். ஆனால் பல மருந்துகளின் மூலப்பொருளுக்குச் சீனாவை நம்பி இருக்கிறோம். கொரோனா தொடங்கிய சமயம், 2020 மார்ச் 3 அன்று, பாராசிட்டமால் உட்பட 26 மூலப்பொருட்கள் மற்றும் மருந்துகளின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது நினைவிருக்கலாம். சீனாவில் ஆலைகள் மூடியதும் இங்கே கையிருப்பு பற்றிய பயம் வந்துவிட்டது. அதே ஆண்டு, மூலப்பொருட்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ.6,940 கோடி ஊக்கத்தொகைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

அதாவது, இனி நம்ம நாட்டில் பல்க் டிரக் ஆலைகள் கூடத்தான் போகின்றன. எந்தத் தொழில்நுட்பத்தில் கூடும் என்பதுதான் கேள்வி.

கழிவுக்கு ஒரு கணக்கு

1992-ல் ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் ரொம்ப எளிமையான ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார். ஒரு கிலோ பொருள் தயாரிக்க எத்தனை கிலோ கழிவு வருகிறது? அவ்வளவுதான். இதற்கு 'ஈ-ஃபேக்டர்' என்று பெயர்.

அவர் போட்ட கணக்கு பலரைத் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கிலோவுக்கு 100 கிராம் கழிவுகூட இல்லை. சாதாரண ரசாயன ஆலையில் 1 முதல் 5 கிலோ வரை. ஆனால் மருந்து ஆலையில் 25 கிலோவிலிருந்து 100 கிலோவையும் தாண்டிப் போனது!

பெட்ரோல் ஆலை 'அழுக்கு', மருந்து ஆலை 'சுத்தம்' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர் எதிர். (மொத்த அளவில் பெட்ரோல் ஆலை எவ்வளவோ பெரியது என்பதால், மொத்தக் கழிவு வேறு கணக்கு. இது கிலோவுக்குக் கிலோ ஒப்பீடு.)

ஏன் இப்படி? காரணம் மூன்று.

ஒன்று, படிகள் அதிகம். ஒரு மருந்து மூலக்கூறு ஐந்து, ஆறு, சில சமயம் பத்துப் படிகளில்கூட உருவாகிறது. ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். நல்ல விளைச்சல்தானே? ஆறு படி முடியும்போது கையில் இருப்பது வெறும் 53 சதவீதம். மூன்றே படி என்றால் 73 சதவீதம். படி குறைந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு, கரைப்பான். தொழிலில் 'சால்வென்ட்' என்பார்கள். டொலுவீன், மெத்தனால், எத்தில் அசிடேட் போன்றவை. ஒரு மருந்து ஆலைக்குள் போகும் பொருட்களின் எடையில் பாதிக்கும் மேல் இவைதான். இவை மருந்தில் சேருவதில்லை. வினை நடக்க இடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

மூன்று, சுத்தம். மனிதன் சாப்பிடும் பொருள் என்பதால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், படிகமாக்க வேண்டும், வடிகட்ட வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் புதிதாகக் கழிவு நீர்.

ஆறு படி மூன்றானது: ஐபுப்ரூஃபென் கதை

இதைப் புரிந்துகொள்ள ஐபுப்ரூஃபெனைவிட நல்ல உதாரணம் கிடையாது. தமிழ்நாட்டுக்கும் நெருக்கமான உதாரணம். 1976-ல் தொடங்கப்பட்ட ஷாசன் நிறுவனம் புதுச்சேரியிலும் கடலூரிலும் இதை வளர்த்தது. இன்று அந்த ஆலைகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோலாரா நிறுவனத்திடம் இருக்கின்றன. பஞ்சாபில் ஐ.ஓ.எல். நிறுவனமும் இதே மூலப்பொருளைப் பெரிய அளவில் செய்கிறது. உலகத்தில் இதைப் பெரிய அளவில் தயாரிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இரண்டு பேர் நம்மவர்கள்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஆடம்ஸும் ஜான் நிக்கல்சனும். காலம் 1960-கள். ஆடம்ஸ் ஒருமுறை மாநாட்டில் பேசப் போகும் முன், முந்தைய இரவு குடித்ததால் வந்த தலைவலிக்குத் தன் மருந்தையே 600 மில்லிகிராம் போட்டுப் பார்த்தாராம். வேலை செய்தது!

பூட்ஸ் கண்டுபிடித்த தயாரிப்பு முறையில் ஆறு படிகள். அதில் பயன்படுத்தும் வேதிப்பொருட்களின் அணுக்களில் எடைக் கணக்கில் 40 சதவீதம்தான் மருந்துக்குள் போய்ச் சேரும். மீதி 60 சதவீதம் வேறு ஏதோ பொருளாக மாறிக் கழிவுத் தொட்டிக்குப் போகும். விளைச்சல் நூற்றுக்கு நூறு வந்தாலும் இதுதான் நிலைமை. ஏனென்றால் அந்த வழியே அப்படி. இதை 'அணுச் சிக்கனம்' என்ற கணக்கால் அளக்கிறார்கள்.

காப்புரிமை முடிந்த பிறகு, பூட்ஸும் ஹெக்ஸ்ட் செலனீஸும் சேர்ந்து புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தன. அதே ஐசோபியூட்டைல் பென்சீனில்தான் தொடக்கம். ஆனால் மூன்றே படி. நிக்கல், பல்லேடியம் போன்ற வினையூக்கிகள் வேலையைச் செய்யும். வினையூக்கி என்பவர் கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பேரைச் சேர்த்து வைப்பார், ஆனால் குடும்பத்தில் சேர மாட்டார். அடுத்த ஜோடிக்குப் போய்விடுவார். அதனால் அவை கழிவாவதில்லை.

இந்த முறையில் அணுச் சிக்கனம் 77 சதவீதம். பக்கத்தில் வரும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டு விற்றால் 99 சதவீதம் வரை போகும். 1992-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பிஷப் நகரில் இந்த முறையில் ஆலை ஓடத் தொடங்கியது. 1997-ல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,000 டன் ஐபுப்ரூஃபெனுக்குப் பழைய வழியில் குறைந்தது 1,500 டன் கழிவு. புதிய வழியில் சுமார் 300 டன். கரைப்பானைச் சேர்க்காமலேயே இவ்வளவு வித்தியாசம்.

அப்படியென்றால் எல்லோரும் புதிய வழிக்கு மாறிவிடலாமே? அங்கேதான் சிக்கல். இந்த முறையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வேண்டும். தோலில் பட்டால் எலும்பு வரை போய் அரிக்கும் பொருள். கார்பன் மோனாக்சைடு வேண்டும். மணம் இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு. உயர் அழுத்தக் கலன்கள் வேண்டும். கழிவு குறையும். ஆனால் முதலீடும் ஒழுக்கமான பாதுகாப்பும் பல மடங்கு கூட வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. 2018-ல் பிஷப் ஆலை தொழில்நுட்பக் கோளாறால் மாதக்கணக்கில் மூடப்பட்டது. உலகச் சந்தையில் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு அது வாய்ப்பானது. எவ்வளவு நல்ல தொழில்நுட்பமாக இருந்தாலும் ஒரே ஆலையை உலகம் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

நொதி செய்யும் வேலை

இட்லி மாவு புளிக்க நாம் அமிலம் ஊற்றுவதில்லை. ராத்திரி வைத்துவிட்டால் நுண்ணுயிர்கள் அறை வெப்பத்தில் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் நொதிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இதே யோசனையை மருந்து ஆலைக்குக் கொண்டுவருவதுதான் உயிரி வினையூக்கம்.

சிறந்த உதாரணம் சிட்டாக்ளிப்டின். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் நம்ம ஊரில் இந்தப் பெயர் பலருக்குப் பழக்கம். மெர்க் நிறுவனம் ஆரம்பத்தில் இதை ரோடியம் என்ற மிக விலை உயர்ந்த உலோகத்தையும், உயர் அழுத்த ஹைட்ரஜனையும் வைத்துச் செய்தது. பிறகு கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தப் படியை ஒரு நொதியால் செய்ய முடியுமா என்று முயன்றது.

இயற்கையில் இருந்த நொதி இந்த மூலக்கூறைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் நொதியைச் சிறிது சிறிதாக மாற்றி, நல்லதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி மாற்றி, மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். நல்ல விதை நெல்லைப் பொறுக்கி எடுத்து அடுத்த போகத்துக்கு வைக்கிற மாதிரி. கடைசியில் 27 மாற்றங்கள் கொண்ட புதிய நொதி கிடைத்தது. கழிவு 19 சதவீதம் குறைந்தது. ரோடியமும் உயர் அழுத்தக் கலனும் தேவைப்படவில்லை. 2010-ல் இதற்கும் பசுமை வேதியியல் விருது. 'வழிநடத்திய பரிணாமம்' என்ற இந்த அணுகுமுறைக்கு வழிகாட்டிய பிரான்சிஸ் அர்னால்டுக்கு 2018-ல் வேதியியல் நோபல் பரிசு.

2022 ஜூலையில் இந்தியாவில் சிட்டாக்ளிப்டின் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின, விலை சரிந்தது. இப்படி விலை இறங்கும் சந்தையில் தாக்குப்பிடிக்க, தயாரிப்புச் செலவைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க நல்ல வேதியியலும் ஒரு வழி. கழிவைச் சத்தமில்லாமல் வெளியே விடுவது இன்னொரு வழி. இரண்டில் எது நடக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அண்டாவிலிருந்து குழாய்க்கு

வீட்டில் நாலு பேருக்குச் சாம்பார் வைப்பவர், கல்யாணத்தில் 400 பேருக்கு வைக்கச் சொன்னால் தடுமாறிப் போவார். அளவை நூறால் பெருக்கினால் போதாதா? போதாது. அண்டா சீக்கிரம் சூடேறாது, ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது. அடியில் பிடிக்கும், மேலே வேகாது.

மருந்து ஆலையில் இதே சிக்கல்தான், உயிர் போகும் அளவுக்கு. ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் அழகாக நடக்கும் வினையை 5,000 லிட்டர் ரியாக்டருக்குக் கொண்டுபோனால், கொள்ளளவு 5,000 மடங்கு கூடும். ஆனால் குளிரூட்டும் சுவரின் பரப்பு சுமார் 290 மடங்குதான் கூடும். அதாவது, ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிர் பரப்பு 17 மடங்கு குறைகிறது. வெப்பம் வெளியேற வழி இல்லை. வெப்பம் கூடினால் வினையின் வேகம் கூடும். வேகம் கூடினால் வெப்பம் இன்னும் கூடும். கட்டுக்குள் நிற்காமல் போனால் வெடிப்புதான். இதைத்தான் 'ரன்அவே' வினை என்கிறார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஃப்ளோ வேதியியல். பெரிய அண்டாவில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுவதற்குப் பதில், மெல்லிய குழாய் வழியாகப் பொருட்களைத் தொடர்ந்து ஓட விடுவது. கரும்பு ஜூஸ் இயந்திரம் மாதிரி. ஒரு பக்கம் கரும்பு போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் ஜூஸ் வந்துகொண்டே இருக்கும். எந்த நொடியிலும் குழாய்க்குள் இருப்பது கொஞ்சம்தான். சுவர் பக்கத்திலேயே இருப்பதால் வெப்பம் உடனே வெளியேறும். ஏதாவது தப்பு நடந்தாலும் ஆயிரக்கணக்கான லிட்டர் ஒரே நேரத்தில் வெடிக்க வாய்ப்பில்லை.

2015-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திமோதி ஜேமிசன் குழு, அதே ஐபுப்ரூஃபெனை மூன்றே நிமிடத்தில் குழாய்களுக்குள் தயாரித்துக் காட்டியது. மொத்தக் கருவியும் ஆய்வகத்தில் இருக்கும் ஃப்யூம் ஹுட்டில் பாதி அளவுதான். மணிக்கு 8 கிராம், அதாவது சுமார் 20 மாத்திரைக்கு ஆகும் மருந்து. வருடம் முழுக்க ஓடினால் 70 கிலோ. பெரிய ஆலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் முடியும் என்று காட்டியதே பெரிய விஷயம்.

மாத்திரை தயாரிப்பிலும் இதே மாற்றம் வந்திருக்கிறது. தொடர் உற்பத்தி முறையில் தயாராகும் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் முதன்முதலாக அனுமதி தந்தது. 2016-ல், பழைய 'பேட்ச்' முறையிலிருந்து தொடர் உற்பத்திக்கு மாற எச்.ஐ.வி. மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. 2022 நவம்பரில் இதற்கென்று 'க்யூ-13' என்ற சர்வதேச வழிகாட்டி இறுதியானது. இந்தியாவில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அமோல் குல்கர்னி ஃப்ளோ ரியாக்டர்களில் நீண்ட காலமாக வேலை செய்துவருகிறார். 2020-ல் அவருக்கு பட்நாகர் பரிசு கிடைத்தது.

"விபத்து நடந்தால் பார்த்துக்கலாம்" என்றால்...

2024 ஆகஸ்ட் 21. ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் ஒரு மருந்து ஆலை. குழாயிலிருந்து கரைப்பான் கசிந்தது. ஆவி பரவித் தீப்பற்றி வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 30. தெலங்கானாவின் பாசமைலாரத்தில் மாத்திரைக்குச் சேர்க்கும் செல்லுலோஸ் பொடி தயாரிக்கும் ஆலையில் வெடிவிபத்து. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் செய்திகள் வேறு மாதிரி கேட்கும். இங்கேயும் ஷிஃப்டுக்கு வேன் ஏறுகிறவர்களில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நிறைய. எச்சரிக்கைப் பலகை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா என்பதே பல இடங்களில் கேள்வி.

புதிய தொழில்நுட்பம் வந்தால் இந்த விபத்துகள் நடக்காதா? அப்படிச் சொல்ல முடியாது. கசியும் வால்வை மாற்றாமல் விட்டால் எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது. ஆனால் ஆலையில் தேங்கி நிற்கும் கரைப்பானின் அளவு குறைந்தால், கசியும் அளவும் குறையும். 'இல்லாத பொருள் கசியாது' என்பதுதான் ரசாயனப் பாதுகாப்பின் பழைய பாடம்.

வேகமாகச் செய்தால் மட்டும் போதுமா? வால்சார்ட்டான் பாடம்

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் அவசியம். புதிய முறை என்றாலே நல்லது என்று அர்த்தம் இல்லை.

வால்சார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை உங்கள் வீட்டிலேயே யாராவது சாப்பிடலாம். அதன் மூலப்பொருளைச் செய்த ஒரு பெரிய சீன நிறுவனம், விளைச்சலைக் கூட்டத் தயாரிப்பு முறையை மாற்றியது. புதிய முறையில் டி.எம்.எஃப். என்ற கரைப்பானும், மிச்சத்தை அழிக்க நைட்ரைட்டும் பயன்பட்டன. டி.எம்.எஃப். கொஞ்சம் சிதைந்து, நைட்ரைட்டோடு சேர்ந்து, என்.டி.எம்.ஏ. என்ற பொருள் உருவானது. புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் அது.

வழக்கமான பரிசோதனையில் யாரும் அதைத் தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை. 2018 ஜூலையில் விஷயம் வெளியே வந்ததும் பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. விளைச்சல் கூடியது உண்மை. செலவு குறைந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பானைக்குள் வேறு என்ன உருவாகிறது என்று கேட்க ஆள் இல்லை.

அதனால்தான் இப்போது கடைசியில் ஒரு சாம்பிள் எடுத்துச் சோதிப்பது போதாது என்கிறார்கள். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் அரிசியில் கல் இருந்தால் அந்த ஒரு பருக்கை சொல்லாது. வினை நடக்கும்போதே உள்ளே ஒளியைச் செலுத்தி, ராமன், அகச்சிவப்பு நிறமாலை மூலம் என்ன உருவாகிறது என்று நொடிக்கு நொடி பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. ராமன் என்றால் நம்ம சி.வி. ராமன் கண்டுபிடித்த அதே விளைவுதான்! 1928-ல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்டது, இன்று மருந்து ரியாக்டருக்குள் காவல் காக்கிறது.

சரி, நம்ம ஊர் ஆலைகள் ஏன் மாறவில்லை?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறிய, நடுத்தர ஆலை நடத்துபவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

• இந்த மாதம் ஒரு மருந்து, அடுத்த மாதம் வேறொன்று. ஆர்டருக்குத் தகுந்தபடி மாற்ற அண்டா ரியாக்டர்தான் வசதி. ஃப்ளோ கருவி பெரும்பாலும் ஒரு வினைக்கென்றே வடிவமைக்கப்பட்டது.

• வினையில் திடப்பொருள் உருவானால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். நிறைய மருந்து வினைகளில் அப்படித்தான் நடக்கிறது.

• தயாரிப்பு முறையை மாற்றினால் அனுமதிக் கோப்புகளைத் திருத்த வேண்டும். வாங்கும் நாடு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக. காலமும் பணமும் போகும்.

• விலைக் கட்டுப்பாடும் போட்டியும் சேர்ந்து லாபத்தை மெலிதாக்கிவிடுகின்றன. புதிய கருவிக்கு வங்கிக் கடன் வாங்கப் பயம்.

இதற்கு நடுவில் தரக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகியுள்ளன. திருத்தப்பட்ட 'ஷெட்யூல் எம்' விதிகள் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை நீட்டிப்பு கொடுக்கப்பட்டது. கட்டடம், காற்று வடிகட்டி, ஆவணம் என்று ஏற்கெனவே செலவு கூடியிருக்கிறது.

மத்திய அரசின் பல்க் டிரக் பூங்காத் திட்டத்துக்குத் தமிழ்நாடும் விண்ணப்பித்தது. 2022-ல் ஆந்திரா, குஜராத், இமாச்சலப் பிரதேசம் மூன்றுக்கும்தான் கிடைத்தது. பொதுக் கழிவுநீர் நிலையம், பொதுக் கரைப்பான் மீட்பு நிலையம் போன்றவற்றை அரசுப் பணத்தில் கட்டும் வாய்ப்பு அதோடு நழுவியது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. முழு ஆலையை மாற்றாமலே செய்யக்கூடிய மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, கரைப்பானைக் காய்ச்சி வடித்து மீட்டு மறுபடி பயன்படுத்துவது. இதில் காசும் மிச்சம், கழிவும் மிச்சம். இரண்டாவது, ஆறு படிகளில் மிக ஆபத்தான ஒரே ஒரு படியை, உதாரணமாக நைட்ரோ ஏற்றும் படியை, ஃப்ளோவுக்கு மாற்றுவது. மற்ற ஐந்தும் அண்டாவிலேயே நடக்கட்டும். மூன்றாவது, பெரிய ரியாக்டரில் ஊற்றும் முன், அந்த வினை எவ்வளவு வெப்பம் தரும் என்று கலோரிமீட்டரில் அளந்து பார்ப்பது. விபத்துகளில் எத்தனையோ, இந்த அளவீடு செய்யாததால் வந்தவை.

ஏரிக்குத் திரும்புவோம்

சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீர் சோழவரத்துக்கும் புழலுக்கும் வந்துதான் சென்னை வீடுகளுக்குப் போகிறது. இன்னும் வடக்கே, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் இருக்கிறது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. அதே தேர்வாய்கண்டிகையில் சிப்காட் வளாகமும் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. மீன், இறால், நண்டை நம்பிய குடும்பங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் அபாயகரமான தொழிற்கழிவைப் பதப்படுத்திப் புதைக்கும் பொது மையமும் இயங்குகிறது. அப்படி ஒரு மையம் தேவைதான். ஆனால் புதைத்த கழிவு மறைந்துவிடுவதில்லை. நிலத்துக்குக் கீழே, தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டிய பொருளாக அங்கேயே இருக்கிறது. அதனால் எவ்வளவு நன்றாகப் புதைக்கிறோம் என்பதற்கு முன்னால், எவ்வளவு குறைவாக உருவாக்குகிறோம் என்று கேட்க வேண்டும். வேதியியலில் அதற்கு விடை இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. 'கெமிஸ்ட்ரி படிச்சா லேப் வேலை, இல்லைன்னா மெடிக்கல் ரெப்' என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலக்கூறை ஒரு கிராமிலிருந்து ஒரு டன் வரை பாதுகாப்பாகக் கொண்டுபோகத் தெரிந்தவர்களை 'ப்ராசஸ் கெமிஸ்ட்' என்கிறார்கள். வேதியியல், கெமிக்கல் இன்ஜினீயரிங், புள்ளியியல், கொஞ்சம் நிரலாக்கம் என்று நாலும் சேர்ந்த வேலை அது. 1944-ல் தொடங்கிய கிண்டி ஏ.சி. டெக்கும், ஐ.ஐ.டி. மெட்ராஸும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. படிப்புக்குப் பஞ்சம் இல்லை.

நேர்காணலுக்குப் போனால் சம்பளத்தோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் ஆலையில் ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை கிலோ கழிவு? கரைப்பானில் எத்தனை சதவீதம் மீட்கிறீர்கள்? பெரிய அளவுக்குப் போகும் முன் வெப்ப அளவீடு செய்கிறீர்களா? பதில் உடனே வந்தால், அது நல்ல ஆலை. "அதெல்லாம் இ.டி.பி. பார்த்துக்கும் சார்" என்று வந்தால், யோசித்து முடிவெடுங்கள்.

மருந்து வாங்கும் நமக்கு? மாத்திரை விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அது எப்படிக் குறைந்தது என்று கேட்கும் பொறுப்பும் உண்டு. நல்ல வேதியியலால் குறைந்திருந்தால் சந்தோஷம். ஏரிக்கரையில் யாரோ அந்த விலையைக் கொடுத்திருந்தால், அது மலிவான மாத்திரை இல்லை.

கடைசியாக ஒன்று. ஐபுப்ரூஃபென் வலிக்கு நல்ல மருந்து. ஆனால் டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்கு அதைப் போடக் கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடும். மழைக்காலம் என்றால், மெடிக்கல் ஷாப்புக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.